நிறைந்தே திரும்பி வந்த பாட்டில்

1. மதியம் ஒரு மணி

"ஊலே, கோமதி விழுந்துட்டா" என்று போன் வந்தபோது நான் ஸ்டோரில் ட்யூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். ஊலே என்றால் பர்மியத்தில் மாமா. கம்பெனியில் எல்லோருக்கும் நான் ஊலேதான். மாணிக்கம் என்ற பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

திஞ்ஜானுக்கு மூன்று வாரம் இருந்தது. ஊரே தண்ணீரை வாரி இறைத்து விளையாடும் பண்டிகை அது. அதற்கு முன்னால் ரங்கூனில் அடிக்கும் வெயிலைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். நிழலில் நிறுத்திய சைக்கிளின் சீட்டே சுடும்.

எங்கள் கம்பெனி ஹோட்டல் சாப்பாட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. நகருக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்ட அனுமதி இல்லாததால் தொழில் முழுவதும் மிதிவண்டியில்தான். அறுபது பேர் ஓட்டுகிறார்கள். அதில் ஐந்து பேர் பெண்கள், கோமதி அவர்களில் ஒருத்தி. பசுந்தாங் என்ற பேட்டையில் ஓடையை ஒட்டிய சந்தில் ஆபீஸ். அதன் பின்கட்டில் என் ஸ்டோர். முப்பத்தைந்து வருடம் சைக்கிள் கடைகளில் பெண்டு எடுத்து, ஓவராயில் செய்து, கண் மங்கிய பிறகு இங்கே ஸ்டோர் கீப்பராக உட்கார்ந்தேன். டயர், ஸ்போக், பிரேக் கட்டை, மழைக்கோட்டு, சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் என் பொறுப்பு. தண்ணீர் பாட்டிலும் என் பொறுப்புதான்.

நான் போனபோது கோமதியை ஒரு வெற்றிலைப் பாக்குக் கடையின் குடைக்குக் கீழே படுக்கவைத்திருந்தார்கள். கடைக்காரம்மா அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். கோமதி கண்ணைத் திறந்ததும் முதலில் கேட்டது, "சாப்பாடு?"

"கொட்டல. நீ படு" என்றேன்.

அவள் சைக்கிள், ஜப்பானிலிருந்து பழசாக வரும் லேடீஸ் சைக்கிள். முன்பக்கம் கூடை. ஹேண்டிலுக்குக் கீழே நானே க்ளாம்ப் போட்டு மாட்டிய பாட்டில் கேஜ், அதாவது பாட்டில் உட்காரும் கம்பிக் கூடு, காலியாக இருந்தது.

"கம்பெனி குடுத்த ஸ்டீல் பாட்டில் எங்கம்மா?"

"வீட்ல இருக்கு ஊலே."

"ஏன்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கனமா இருக்கு ஊலே" என்றாள்.

எனக்கு அது போதுமாக இருந்தது. பிரச்சினையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவள் யோசித்த அந்தக் கொஞ்ச நேரத்தை நான் கவனிக்கவில்லை.

மேனேஜர் கோ தெட், முப்பத்துநான்கு வயதுப் பர்மியர். கெட்டவர் இல்லை, பயந்தவர். நாங்கள் அவரைக் கூப்பிடுவது ஸயா, அதாவது ஐயா என்று. அவர் பேசியது பர்மியத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"இது ரெண்டாவது தடவை ஊலே. மூணாவது தடவை பஸ்ஸுக்கு அடியில விழுந்தா யாரு பதில் சொல்றது? ரோட்டுலேருந்து எடுத்துடறேன். பேக்கிங் மேசையிலயும் ஆள் வேண்டாம். அவங்க வீட்டுலயே இருக்கட்டும்."

கோமதி கதவருகே நின்றுகொண்டிருந்தாள். நான் பேசினேன். கேட்காத இடத்தில் வாயைக் கொடுப்பது என் பிறவிக் குணம்.

"திஞ்ஜான் வரைக்கும் டைம் குடுங்க ஸயா. பாட்டில் கனம், அதனால கொண்டு வரல, தண்ணி குடிக்கல, விழுந்துட்டா. அவ்வளவுதான். கனமில்லாத பாட்டில நான் கொண்டாரேன்."

கோ தெட் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. திஞ்ஜான் வரைக்கும். அதுக்குள்ள இன்னொரு தடவை விழுந்தா அப்புறம் என்கிட்ட யாரும் வரக்கூடாது."

வெளியே வந்ததும் கோமதி சொன்னாள்: "இந்த வேலை போச்சுன்னா ஆத்துக்கு அந்தப் பக்கம் தன்லியின்ல இருக்கற ஃபேக்டரிதான் ஊலே. விடியறதுக்கு முன்ன பஸ் ஏறணும், இருட்டினப்புறம் வரணும். பாப்பாவ ஸ்கூல்லேருந்து யாரு கூட்டிட்டு வர்றது?"

அவள் கணவன் தாய்லாந்தில் வேலையில் இருந்தான். மகளுக்கு ஏழு வயது. நான்கு மணிக்கு ஷிப்ட் முடிவதால்தான் அவள் இந்தச் சைக்கிளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். "நான் பாத்துக்கறேன்" என்று சொன்னேன். சொல்லும்போது வெகு தைரியமாகத்தான் சொன்னேன்.

2. தராசு

மறுநாள் வேலையைத் தொடங்கினேன். பால்ரஸ், நட்டு எடை போட வைத்திருந்த டிஜிட்டல் தராசை மேசைக்கு நடுவில் வைத்தேன். கிடைத்த பாட்டில்களை எல்லாம் வரிசையாக நிறுத்தினேன்.

கம்பெனியின் ஸ்டீல் பாட்டில் இரட்டைச் சுவர். காலியாகவே முந்நூற்று நாற்பது கிராம். ஐஸ் போட்டால் மாலை வரை குளிர்ச்சி இருக்கும் என்று வாங்கியது. ஆனால் பாதி நாள் கரண்ட் இல்லாத ஊரில் ஐஸுக்கு எங்கே போவது? சாதாரணத் தண்ணீரைச் சாதாரணத் தண்ணீராகவே வைத்திருக்க முந்நூற்று நாற்பது கிராம் இரும்பைச் சுமந்தோம். இதை வாங்கியவனும் நான்தான். அதையும் எழுதிவிடுகிறேன்.

அலுமினியம் பாட்டில் நூற்றுப்பத்து. தூக்கினால் கையில் ஒன்றும் இல்லாத மாதிரி இருந்தது. எனக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு தடவை கீழே போட்டேன், சப்பிப்போயிற்று. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் பூசியிருந்த பூச்சு உரிந்திருந்தது. எலுமிச்சை, உப்பு கலந்த தண்ணீரை அதில் ஊற்ற முடியாது. ஒதுக்கினேன்.

கண்ணாடி மாதிரி பளபளக்கும் கெட்டி பிளாஸ்டிக் நூற்றைம்பது. விழுந்தால் உடையாது. மூடியைத் திருக இரண்டு கை வேண்டும். சைக்கிள் ஓட்டுகிறவருக்கு இரண்டாவது கை எங்கே இருக்கிறது?

கடையில் தண்ணீரோடு விற்கும் மெல்லிய பாட்டில், காலி செய்து நிறுத்தால் இருபது சொச்சம். எடையில் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் கேஜுக்கு அது ஒல்லி. ஓடைக் கரை ரோட்டில் பள்ளத்தில் இறக்கியதும் குதித்து ஓடிவிட்டது. வெயிலில் தகரக் கூரை மேல் ஒரு மணி நேரம் வைத்து முகர்ந்து பார்த்தேன். புது ரெயின்கோட்டு வாசனை.

கடைசியாக, சைக்கிள்காரர்களுக்கென்றே வரும் மெத்துப் பிளாஸ்டிக். அமுக்கினால் குழையும். அறுநூறு மில்லி பிடிப்பது, காலியாக எழுபத்தைந்து கிராம். மேலே பால்குடிப் புட்டி மாதிரி ஒரு மூக்கு. பல்லால் இழுத்தால் திறக்கும், உள்ளங்கையால் தட்டினால் மூடும். கேஜில் போய் 'டக்' என்று உட்கார்ந்தது.

இதையெல்லாம் உட்கார்ந்த இடத்தில் முடிவு செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன். அங்கேதான் ஒரு விஷயம் பிடிபட்டது. எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்தே தண்ணீரை உதட்டில் படாமல் தூக்கிக் குடித்துத்தான் பழக்கம். ஓடும் சைக்கிளில் கெட்டி பிளாஸ்டிக் பாட்டிலை அப்படித் தூக்கி அண்ணாந்தேன். தண்ணீர் மூக்குக்குள் போயிற்று, கண் வானத்துக்குப் போயிற்று, சைக்கிள் ஒரு பலாப்பழ வண்டிக்குப் போயிற்று. வண்டிக்காரர் என் வயதைப் பார்த்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் தேவலை.

மெத்துப் பாட்டிலில் அந்தத் தொல்லை இல்லை. தலையை நிமிர்த்தாமலே, வாய்க்கு நாலு விரல் தள்ளிப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினால் தண்ணீர் நேராக வாய்க்குள் பாய்கிறது. எச்சில் படாது. கண் ரோட்டிலேயே இருக்கும். எங்கள் பையன்கள் ஹோட்டல் வாசலில் காத்திருக்கும்போது ஒரு பாட்டிலை நாலு பேர் மாற்றி மாற்றிக் குடிப்பவர்கள். அதற்கும் இதுவே சரி.

ஒன்றை மட்டும் நான் எனக்குள்ளேயே மறைத்துக்கொண்டேன். நிரப்பி எடை போட்டபோது மெத்துப் பாட்டில் அறுநூற்று எழுபத்தைந்து கிராம் காட்டியது. அதில் அறுநூறு, தண்ணீரின் கனம். அதை எந்தக் கடையிலும் குறைத்துத் தர மாட்டார்கள். எட்டுக் கிலோ பெட்டியைச் சுமக்கிறவள் இந்தக் கனத்துக்கா பயந்தாள் என்ற கேள்வி தராசுக்கு முன்னால் நிற்கும்போதே எனக்குத் தோன்றியது. தோன்றியதைத் தட்டிவிட்டேன். நல்ல பாட்டில் கையில் கிடைத்த சந்தோஷம்.

3. அறுபது பேரும் சொன்னது

டவுனில் பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடை வைத்திருக்கும் சாகுல் பாயிடம் அந்த மெத்துப் பாட்டில் இருந்தது. அவர் தாத்தா காலத்தில் கீழக்கரைப் பக்கமிருந்து வந்த குடும்பம். கீழே கடை, மேலே வீடு. நான் தராசோடு போய்ப் பத்துப் பாட்டிலை நிறுத்ததைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு.

"மாணிக்கண்ணே, பாட்டில் வாங்க வந்தீங்களா, பவுன் வாங்க வந்தீங்களா?"

"ஒண்ணுக்கொண்ணு எடை மாறுது பாய். சுவர் மெல்லிசா இருந்தா சீக்கிரம் கிழியும்."

"உங்களுக்குப் பொண்ணு குடுத்தவரு பாவம்ணே" என்றார்.

முதலில் பத்து மட்டும் சாம்பிளாக எடுத்தேன். ஐந்து பெண்களுக்கும் ஐந்து பையன்களுக்கும் கொடுத்தேன். காலையில் நானே இருபது லிட்டர் கேனிலிருந்து தண்ணீர் பிடித்து, எலுமிச்சை பிழிந்து, உப்பு போட்டு நிரப்பித் தந்தேன். மாலையில் பாட்டில்கள் என்னிடம் திரும்பி வரவேண்டும். ஈரத்தோடு மூடி வைத்தால் அந்த மூக்கில் பூஞ்சை பிடிக்கும். கழுவிக் கவிழ்ப்பதும் என் வேலை.

மூன்றாம் நாள் எல்லோரையும் கேட்டேன். பத்துப் பேரும் "நல்லாருக்கு ஊலே" என்றார்கள். பாட்டில் கிடைக்காத ஐம்பது பேரும்கூட "நல்லாருக்கும் போல ஊலே" என்றார்கள். கோமதி மற்றவர்களைவிட ஒரு படி மேலே போய், "ரொம்ப நல்லாருக்கு ஊலே, கனமே தெரியல" என்றாள். நான் கோ தெட்டின் அறைக்குள் தலையை நீட்டி, "பாட்டில் கிடைச்சிருச்சு ஸயா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பர்மியத்தில் 'ஆநாதெ' என்று ஒரு சொல் உண்டு. அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்கக் கூசுவது, அவர் முகம் வாடும்படி ஒன்றைச் சொல்லக் கூசுவது. இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அது ரத்தத்தில் இருக்கிறது. நாலு தலைமுறையாக இங்கே இருக்கும் நமக்கும் ஒட்டிக்கொண்டது. ஒரு கிழவன் வெயிலில் அலைந்து, பலாப்பழ வண்டியில் மோதி, ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு "எப்படி இருக்கு?" என்று எதிரில் நின்று கேட்டால், ரங்கூனில் எந்த மனிதராவது "நல்லால்ல" என்பாரா? அறுபது வருடம் இங்கே இருந்தவன் நான். எனக்கே அது உறைக்கவில்லை.

4. கசந்த தண்ணீர்

மாலையில் கழுவும்போது ஒன்றைக் கவனித்தேன். மற்ற பாட்டில்கள் காலியாக வரும், அல்லது பாதியில் வரும். கோமதியின் பாட்டில் மட்டும் கழுத்து வரை நிறைந்தே வந்தது. முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள், நான்காம் நாளும்.

எனக்கு ஒரு விஷயம் புரியாவிட்டால் தூக்கம் வராது. யோசித்தேன். ரங்கூனில் தெருவுக்குத் தெரு புண்ணியத்துக்கென்று மண்பானையில் தண்ணீர் வைத்திருப்பார்கள். மேலே ஒரு குவளை கவிழ்த்திருக்கும். போகிற வருகிறவர் யார் வேண்டுமானாலும் குடிக்கலாம். கோமதி பானைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, பாட்டில் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறாள் என்று முடிவு செய்தேன். அல்லது குடித்துவிட்டு, திரும்பி வரும்போது பானையில் நிரப்பிக்கொண்டு வருகிறாள். கொடுத்ததை அப்படியே நிரப்பித் திருப்பிக் கொடுக்கும் நல்ல பழக்கம். இந்த இரண்டாவது காரணம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பெருமையாகக்கூட இருந்தது.

ஐந்தாம் நாள் அவள் பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்தபோது எலுமிச்சை வாசனை அடித்தது. பானைத் தண்ணீரில் எலுமிச்சை ஏது? கொஞ்சம் கையில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்தேன். பிழிந்து நாள் முழுக்க வெயிலில் சுட்ட எலுமிச்சை, வாயைச் சுளிக்கவைக்கும் கசப்பு. உப்பு நான் காலையில் போட்ட அதே உப்பு. ஒரு மடக்குக்கூட இறங்கவில்லை. இத்தனை நாளும் இப்படித்தான் இருந்திருக்கிறது.

எட்டிப் பார்த்தேன். கோமதி வாசல்படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது. எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அவள்மேல்தான் வந்தது. திஞ்ஜானுக்கு எட்டு நாள் இருந்தது.

5. கயிறும் கதவும்

"கோமதி, இங்க வா."

வந்தாள். பாட்டிலை அவள் முன்னால் வைத்தேன். "நீ ஒரு வாய்கூட குடிக்கல."

"குடிச்சேன் ஊலே."

"பொய் சொல்லாத. நான் வாயில வச்சுப் பாத்துட்டேன். ருசி பிடிக்கலயா? பிளாஸ்டிக் நாத்தமா? மூடி தொறக்க வரலயா? சொல்லு, மாத்தித் தரேன். இன்னும் கனமாவா இருக்கு?"

"அதெல்லாம் இல்ல ஊலே."

"பின்ன என்ன? நீ விழுந்தா வேலை போயிரும்னு தெரியுமா தெரியாதா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பர்மியத்துக்கு மாறினாள். தமிழ் அவளுக்கு வீட்டில் பேசும் மொழி. அதில் என் வயதுக்காரரிடம் இதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை என்று பிறகுதான் புரிந்தது. அவள் சொன்னது இதுதான்:

"குடிச்சா எங்க போறது ஊலே? காலைல எட்டு மணிக்குக் கிளம்பறேன். நாலு மணிக்குத் திரும்பறேன். ஆம்பளைங்க எங்கயாவது சுவத்தோரம் நின்னுடுவாங்க. நான் எங்க போவேன்? அதனால காலைல எந்திரிச்சதும் ஒரு டீ. அப்புறம் நாலு மணிக்கு இங்க வந்துதான் தண்ணி."

ஏதாவது சொல்லவேண்டுமே என்று, "கடைகள்ல கேக்கலாமே" என்றேன்.

"ஒண்ணும் வாங்காம எப்படிக் கேக்கறது? ஆநாதெ ஊலே."

"சாப்பாடு குடுக்கற வீட்டுல?"

அதற்கு அவள் தமிழிலேயே பதில் சொன்னாள். "கயிறுதான ஊலே எறங்குது? கதவா தொறக்குது?"

ரங்கூனைத் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். டவுனில் எல்லாம் ஆறு மாடி, எட்டு மாடி வீடுகள். லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தொங்கும். நுனியில் கிளிப்போ, பையோ, கூடையோ இருக்கும். கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். சாப்பாட்டைப் பையில் வைத்தால் மேலே போய்விடும். கொண்டுவந்தவள் தெருவிலேயே நிற்பாள். ஒரு நாளைக்கு இருபது வீட்டுக்குச் சோறு கொண்டுபோகிறவள் ஒரு வீட்டு வாசற்படியையும் மிதிப்பதில்லை. மாடி ஏறும் வேலை மிச்சம் என்று இந்தக் கயிற்றைப் புகழ்ந்து நானே எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன்.

"மத்த நாலு பேரும்?" என்று கேட்டேன்.

"அவங்க ஏரியா ஆபீஸ் பக்கம். நடுவுல ஒரு தடவை வந்துட்டுப் போவாங்க. எனக்கு டவுன் மேற்கு. வந்து போனா ரெண்டு ஆர்டர் போயிரும்."

"முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"கனமா இருக்குன்னு சொன்னேன். நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டுப் பாட்டில் தேடிட்டு வந்தீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. வீட்டில் மனைவி, கட்டிக் கொடுத்த இரண்டு மகள்கள். இத்தனை பெண்களோடு வாழ்ந்த மனிதனுக்கு இது ஒரு தடவையாவது தோன்றியிருக்க வேண்டாமா? பாட்டிலின் சுவர் எத்தனை மெல்லிசு என்று டார்ச் அடித்துப் பார்த்தேனே! அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "இதுக்கு எதுக்கு ரெண்டு வாரம்? என்னைக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்" என்றாள்.

6. பாயிடம் பேரம்

மறுநாள் கோமதி ஓட்டும் வழியிலேயே நானும் ஓட்டினேன். பாட்டிலைப் பார்க்கவில்லை, கதவுகளைப் பார்த்தேன். ஒரு பெரிய கடையில் "ஸ்டாஃபுக்கு மட்டும்" என்றார்கள். இன்னொரு இடத்தில் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தண்ணீர் வரவில்லை என்றார்கள். உள்ளே குழாய் கொட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. யாருக்காகக் கேட்கிறேன் என்று நடுத்தெருவில் விளக்குவதற்குள் எனக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆம்பிளை எனக்கே இப்படி என்றால் அவள் எப்படிக் கேட்டிருப்பாள்?

சாகுல் பாய் கடை அந்த வழியில்தான் இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்தேன்.

"மெத்துப் பாட்டில் அறுபது வேணும் பாய்."

பாய்க்கு முகம் மலர்ந்தது. "வாங்கண்ணே. எவ்வளவு கொறைக்கணும், சொல்லுங்க. நீங்க சும்மா வாங்க மாட்டீங்களே."

"விலைல ஒண்ணும் கொறைக்க வேணாம். உங்க கடைக்குப் பின்னால கக்கூஸ் இருக்குல்ல? எங்க பொண்ணுங்க அஞ்சு பேரு வந்தா தொறந்து விடணும். அதுதான் பேரம்."

பாய் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் முழுவதையும் சொன்னேன். கோமதி விழுந்ததையும் எலுமிச்சைத் தண்ணீர் கசந்ததையும் சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டார்.

"தப்பில்லண்ணே. ஆனா கடையில நாலு பசங்க நிக்கிறானுங்க. வயசுப் பொம்பளப் பிள்ளைங்க உள்ள வந்து போனா, அதுங்களுக்கே ஒரு மாதிரி இருக்கும்ல? வர மாட்டாங்க. நீங்க வேணா பாருங்க."

அவர் சொன்னது சரி. எனக்கு அது தோன்றவில்லை. பிறகு பாய் தெருவுக்குப் போய் மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். இரண்டாம் மாடிப் பால்கனியில் அவர் மனைவி தலைக்கு முக்காட்டை இழுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். பாய் அண்ணாந்தபடி விஷயத்தைச் சொல்லத் தொடங்கினார். தெருவே கேட்கும்படி இதை எப்படிச் சொல்வது என்று பாதியில் நிறுத்திக்கொண்டு மாடிக்கே ஏறிப் போனார். கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்தார்.

"பின் சந்துல ஒரு கதவு இருக்கு. கடைக்குள்ள வர வேணாம். சாவி அவங்ககிட்ட இருக்கும். பின்னால நின்னு மணிய இழுத்தா சாவிய எறக்கி விடுவாங்களாம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "ஏன் இவ்வளவு நாள் யாரும் கேக்கலன்னு என்னைத் திட்டறாங்கண்ணே. நான் என்ன பண்ணேன்?"

அந்த வாரத்துக்குள் இன்னும் இரண்டு இடம் கிடைத்தது. கோயில் ஆபீஸில் குருக்கள் மனைவி ஒப்புக்கொண்டார். ஆற்றோரம் டீக்கடை நடத்தும் ஒரு பர்மிய அம்மா, "எத்தனை பேர்?" என்று கேட்டார். ஐந்து என்றேன். "அஞ்சுதானே?" என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். இரண்டு இடத்திலும் பெண்களிடம் கேட்ட பிறகுதான் காரியம் நடந்தது. அதையும் குறித்துக்கொண்டேன்.

மூன்று இடத்தையும் ஒரு அட்டையில் எழுதிக் கோமதியிடம் கொடுத்தேன். "மத்தவங்களுக்கு நீயே சொல்லிரு" என்றேன். கூட்டம் போட்டு அறிவிக்கும் விஷயமா அது?

7. பெரிசு இருக்கா

திஞ்ஜானுக்கு முந்தைய நாள் கோ தெட் ஸ்டோருக்கு வந்தார். கோமதி விழவில்லை. அவர் தேதியை மறக்கவில்லை.

"பாட்டில் வேலை செஞ்சுது போல ஊலே."

"பாட்டில் இல்ல ஸயா" என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். அவர் காது சிவந்துவிட்டது. ஆபீஸ் கணக்கில் பெண்களுக்கு மழைக்கோட்டு உண்டு, தொப்பி உண்டு, இரண்டு வகை பாட்டில் உண்டு. இதற்கு ஒரு வரிகூட இல்லை.

"ஏன் யாரும் என்கிட்ட சொல்லல?"

"உங்ககிட்டயா?" என்றேன்.

அவர் மேசையில் கிடந்த ஒரு தாளை இழுத்துக்கொண்டார். டவுன் மேற்கில் எந்தப் பெண் ஓட்டினாலும் நடுவில் ஒரு தடவை கால் மணி நேரம் போனை அணைத்துக்கொள்ளலாம், அதை ஆர்டர் மறுத்ததாக எழுத வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். பண்டிகைக்குப் பிறகு வந்த ஷிப்ட் அட்டவணையில் கோமதியின் பெயர் அதே வழியில் இருந்தது.

ஸ்டோரில் உட்கார வரும் இளையவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். சாமானைப் பற்றி ஒருவர் குறை சொன்னால், சாமானைப் பார்ப்பதற்கு முன் அந்த ஆளின் ஒரு முழு நாளைக் கேளுங்கள். காலையில் எழுந்ததிலிருந்து கேளுங்கள். எதிரில் நின்று "நல்லாருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எடை, மூடி, சுவரெல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

திஞ்ஜான் முடிந்து வேலை தொடங்கிய இரண்டாம் வாரம், இன்னும் மழை எட்டிப் பார்க்கவில்லை. காலை எட்டு மணிக்கு எல்லோரும் பாட்டில் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கோமதி மட்டும் மேசைக்கு முன்னால் நின்றாள். கையிலிருந்த பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னம்மா, லீக் ஆவுதா?"

"இல்ல ஊலே." தயங்கினாள். பிறகு நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "இது பதினோரு மணிக்கே தீந்துபோவுது. இதைவிட பெரிசு இருக்கா?"

லிட்டர் பாட்டில் அவள் சைக்கிள் கேஜில் உட்காராது. அன்றைக்கு அவளைக் கால் மணி நேரம் காக்கவைத்து, பழைய கேரியர் கம்பியை வளைத்து ஒரு பெரிய கேஜ் செய்து மாட்டிக் கொடுத்தேன்.